முதல் ஹாம் செட்: மலிவு என்கிற மாயை

லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணியவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த செட் வாங்கலாம்?" சீனியர்களிடம் பதில் ரெடியாக இருக்கும். "முதல்ல ஒரு சைனா ஹாண்டி வாங்கிக்கோப்பா, சில ஆயிரத்துல முடிஞ்சிடும்." இந்த அட்வைஸைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதுசாக வருகிறவனை இந்தப் பொழுதுபோக்கிலிருந்து விரட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

ஹாண்டி என்றால் பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் வகையறா. 144-146 மெகாஹெர்ட்ஸில், சுமார் 5 வாட்டில் பேசும். இந்த அலை நேர்கோட்டில் போகிற ஜாதி. ஊருக்குள் கட்டடங்களுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். அதற்கு மேல் போக, உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வேண்டும். சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு அது இருக்கிறது. தாராளமாக ஹாண்டி வாங்கட்டும். ஆனால் நான் மாற்றலாகி வந்திருக்கும் விதர்பா மாதிரி இடங்களில்?

எங்கள் கிளையில் ஒரு கிளார்க் பையன், வி.யு.3 கால்சைன் வாங்கினவன். எட்டு மாதம் ஹாண்டியில் கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு குரல் கூடத் திரும்பி வரவில்லை. "ஹாம் ரேடியோ செத்துப் போச்சு சார்" என்று செட்டை பீரோவில் வைத்துவிட்டான். அவன் மொட்டைமாடிக்கு மேலே தினம் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் பாதி இந்தியா பேசிக்கொண்டிருந்தது! அந்த செட்டுக்கு அதைக் கேட்கும் காது இல்லை, அவ்வளவுதான்.

"ஆபத்துக் காலத்தில் உதவும்" என்று சொல்லித்தானே ஆள் சேர்க்கிறோம்? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் வி.யு.4ஆர்.பி.ஐ. (ரிசர்வ் பேங்க் இல்லை மக்கா, கால்சைன்!) என்ற அழைப்பில் இருந்தார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிச் செய்தி வந்தது சிற்றலையில், அதாவது எச்.எஃப்.-இல். ஹாண்டியை வைத்துக்கொண்டு அந்தமானிலிருந்து யாரைக் கூப்பிடுவது?

இன்னொரு வில்லங்கம். இந்த ஹாண்டிகள் 136 முதல் 174 வரை எங்கே வேண்டுமானாலும் திறந்துகொள்ளும். ஒரு எண் தப்பாக அழுத்தினால் அடுத்தவன் அலைவரிசையில் நிற்பீர்கள். லைசென்ஸ் பற்றி ஒழுங்காகச் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸே விட்டது.

"எச்.எஃப். செட் விலை எங்கே போகிறது, தெரியுமா?" என்பீர்கள். தெரியும். ஆனால் நாங்கள் கடன் மனு பார்க்கும்போது மெஷின் விலையை மட்டும் பார்ப்பதில்லை, அது சம்பாதிக்குமா என்றும் பார்ப்போம். பேச ஆளில்லாத மூவாயிரம் ரூபாய் செட், முதல் நாளே வாராக்கடன்.

என் வரிசை இதுதான். லைசென்ஸ் வரும்வரை, எஸ்.எஸ்.பி. உள்ள ஒரு சிற்றலை ரேடியோவில் கேளுங்கள். (சாதாரண ரேடியோவில் எஸ்.எஸ்.பி. பேச்சு வாத்துச் சத்தமாகத்தான் கேட்கும்.) அடுத்தது ஆண்டெனா. 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் என்பது பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, நடுவில் ஒரு குழாய்க் கம்பம். கோஆக்ஸ் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசியில்தான் செட். பழைய எச்.எஃப். செட் ஒன்றை, தெரிந்த ஹாம் ஒருவரை வைத்துச் சோதித்து வாங்குங்கள். சாலிடரிங் வருமென்றால் பிட்எக்ஸ் இருக்கிறது. 2003-இல் ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான், சாதாரணமாகக் கிடைக்கிற சாமான்களை வைத்தே செய்துகொள்ள வடிவமைத்தது. சில வாட்தான், ஆனால் அலை நன்றாக இருக்கும் நாளில் மாநிலம் தாண்டிப் பேசும்.

சீனியர்களே, அடுத்த பையன் வந்து கேட்டால், மாடல் நம்பர் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஊர்ல ரிப்பீட்டர் இருக்காப்பா?" இல்லை என்றால், தயவுசெய்து அந்த ஹாண்டியை அவன் தலையில் கட்டாதீர்கள்.