இல்லமும் கணினியும்: காணாமற்போன படங்கள்



சென்ற மாதம் காரியாபட்டியிலிருந்து ஒரு தந்தையும் மகனும் என்னைக் காண வந்தனர். துணிப்பை ஒன்றில் பத்திரமாகச் சுற்றி, ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தனர். தந்தை மானாவாரிக் கரிசலில் பருத்தி பயிரிடுபவர். கணினியோ, மூத்த மகள் பள்ளியில் பயின்றபோது தமிழக அரசு விலையின்றி வழங்கியது. அவள் மணமாகிப் போனபின், அருப்புக்கோட்டையில் கல்லூரி மாணவனாகிய தம்பி அதனைக் கையாண்டு வருகிறான்.

“ஐயா, எங்கள் ஆத்தா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகளின் திருமணத்தில் எடுத்த படங்களில்தாம் அவர் முகம் இருக்கிறது. இவன் புதிதாக எதையோ ஏற்றினான், எல்லாம் போய்விட்டது” என்றார் தந்தை. மகன் தலைகுனிந்து நின்றான். கடையொன்றில் காட்டியபோது, “அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாய் ஏற்றினால்தான் சரியாகும்” என்றனராம். நல்லவேளை, அதற்கு அவர்கள் இசையவில்லை.

நடந்தது என்ன? 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ்; மற்றொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் லினக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழிமுறையைப் பின்பற்றி, 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். விலையின்றிக் கிடைப்பது, பழைய கணினிகளிலும் ஓடவல்லது. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-உடன் நின்றுவிட்டமையால், இளைஞன் லினக்ஸின் புதிய வெளியீடொன்றைப் பாஸ் இருந்த இடத்தில் நிறுவினான். எண்ணம் நன்றே. ஆயினும் நிறுவியபின் கணினியைத் திறந்தால், விண்டோஸின் பெயரையே காணோம்! படங்கள் இருந்த பகுதியும் திறக்க மறுத்தது. ஆகவே யாவும் அழிந்தன என்று வீட்டார் கலங்கினர்.

கணினியை இயக்கியதும், எந்தத் தளத்திற்குள் செல்வது என்று வினவும் பட்டியலை உண்டாக்குவது ‘கிரப்’ என்னும் சிறு நிரல். முன்னாளில் அது வட்டில் உள்ள பிற தளங்களைத் தானே தேடிப் பட்டியலிட்டது. 2021-இல் வெளிவந்த 2.06-ஆம் பதிப்பு முதல், பாதுகாப்புக் கருதி, அத்தேடலை இயல்புநிலையில் நிறுத்தி வைத்துள்ளனர். பட்டியலில் பெயரில்லை என்பதால் வட்டில் பொருளில்லை என்று ஆகாது. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர் இறந்துவிட்டதாகக் கொள்வோமா? கிரப்பின் அமைப்புக் கோப்பில் தேடலை அனுமதித்து, பட்டியலை மீண்டும் உருவாக்கினேன். விண்டோஸ் தன் பெயரோடு வந்து நின்றது.

அடுத்து, திறக்க மறுத்த பகுதி. மாணவன் விண்டோஸை முழுமையாக நிறுத்தாமல், ‘ஹைபர்னேட்’ என்னும் உறக்கநிலையில் விட்டிருந்தான். அந்நிலையில், பாதியில் நின்ற வேலைகளை விண்டோஸ் வட்டில் எழுதி வைத்திருக்கும். அப்பகுதியில் வேறொரு தளம் எழுதினால் கோப்புகள் கெடக்கூடும் என்றே லினக்ஸ் கைவைக்க மறுக்கிறது. பலவந்தமாகத் திறக்கவும் வழியுண்டு, அதனை நாடலாகாது. விண்டோஸுக்குள் சென்று, முழுமையாக நிறுத்திவிட்டு, லினக்ஸுக்குத் திரும்பினோம். கதவு திறந்தது. பேத்தியின் அருகில் மூதாட்டி பட்டுச்சேலையில் அமர்ந்திருந்தார். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு மகனின் தோளில் கைவைத்தார்.

பிற இல்லங்களிலும் நேரக்கூடிய சில இடர்களை இங்கே குறிப்பிடுகிறேன்.

கடிகாரம் பிழையாகக் காட்டுதல்: லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸோ அதனை உள்ளூர் நேரமாகவே படிக்கும். எனவே காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டும். சரியாக ஐந்தரை மணி நேர வேறுபாடெனில், பழுது மின்கலத்தில் அன்று, இந்த முரண்பாட்டில்தான். உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸில் அமைத்தால் போதும்.

வைஃபை தெரியாமை: வைஃபை உறுப்பு பலவற்றிற்கு, அதன் உற்பத்தியாளர் தரும் தனி நிரல் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்த்தது 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான். இணைப்பின்றித் தவிப்போர் கைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, தேவையான நிரலை இறக்கிக்கொள்ளலாம்.

புதுப்பித்தபின் திரை இருண்டுபோதல்: அஞ்ச வேண்டாம். கிரப் பட்டியலின் கூடுதல் தெரிவுகளுள் முந்தைய கருநிரல் பெரும்பாலும் இருக்கும். அதன் வழியே நுழைந்து பழுதைத் தேடலாம்.

தமிழ்க் கடிதங்கள் பொருளற்ற எழுத்துகளாய்த் தோன்றுதல்: பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தன. அவ்வெழுத்துரு இல்லையேல் குழப்பமே மிஞ்சும். கோப்பு கெடவில்லை, யூனிகோடு முறைக்கு மாற்றினால் மீண்டும் படிக்கலாம்.

மிகப் பழைய கணினி உடையோருக்கு ஓர் எச்சரிக்கை: 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல், 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டு இல்லை. உங்கள் கணினி எவ்வகையினது என்று முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

நிறைவாக, புதிய பதிப்பை ஏற்றுமுன் படங்களையும் சான்றிதழ்களையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறுவாமலேயே, யூஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கி, ஒலியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். இடர் நேர்ந்தால் திரையில் தோன்றும் வாசகத்தை அப்படியே எழுதி வையுங்கள். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்யுங்கள். மூன்றை ஒருசேரச் செய்தால் எது மருந்து, எது நோய் என்று அறியவியலாது. அழித்துவிடுவது எப்போதும் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அந்த இளைஞன் விடைபெறுமுன், அப்படங்களை இரண்டு இடங்களில் படியெடுத்துக்கொண்டான். ஒன்றைத் தமக்கைக்கு அனுப்பப்போவதாகக் கூறினான்.