இரண்டு யோகங்கள்

'யோகம்' என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு வாழ்வுகள் உண்டு. "அவனுக்கென்ன, நல்ல யோகம்!" என்று நாம் சொல்லும்போது, அவன் பத்மாசனமிட்டு மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதாக எவரும் கருதுவதில்லை. சொத்தோ உத்தியோகமோ அவனைத் தேடி வந்தது என்பதே பொருள். 'ராஜயோகம்' என்பதோ இன்னும் வேடிக்கை. ஜோதிடர் வாக்கில் அது பல்லக்கும் பரிவாரமும். யோக சாஸ்திரம் பயின்றவர் வாக்கில் அது மனத்தை ஆளும் வித்தை. முன்னது தானே வந்து வாய்ப்பது. பின்னது நாம் முயன்று அடைவது.

யோகமும் ஜோதிடமும் தன்னை அறிவதற்குரிய இரட்டை மார்க்கங்கள் என்று இக்காலத்தில் பலரும் ஒரே மூச்சில் கூறிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பதைச் சற்று விசாரிப்போம்.

'வேத ஜோதிடம்' என்ற பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு வேதாங்கங்களுள் ஜோதிஷமும் ஒன்று என்பது மெய்தான். ஆனால் லகதர் இயற்றியதாகச் சொல்லப்படும் அந்த வேதாங்க ஜோதிஷம் யாகங்களுக்குரிய காலத்தைக் கணிப்பதற்காக ஏற்பட்டது. அதில் பன்னிரண்டு ராசிகளும் இல்லை. பிறந்த குழந்தையின் ஜாதகமும் இல்லை. ஜாதகக் கலை யவனர்களோடு நமக்கு ஏற்பட்ட தொடர்பால் பின்னர் வளர்ந்தது. நம் ஜோதிடர்கள் அன்றாடம் கூறும் ஹோரை, கேந்திரம் என்னும் சொற்கள் கிரேக்க மொழியிலிருந்து வந்தவையே. இதனால் நமக்கு யாதொரு குறைவும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரரே யவனர்களின் ஜோதிஷப் புலமையை மதித்துப் பேசியிருக்கிறார். கடன் வாங்கியதை மறைக்காத பெருந்தன்மை அவருக்கு இருந்தது. வேதத்தின் பெயரை அதற்குச் சூட்டிக் கேள்வியை அடக்குவதுதான் தகாது.

போகட்டும், எங்கிருந்து வந்தாலும் ஜாதகம் மனிதனை அறிகிறதா? காலஞ்சென்ற விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரும் அவருடைய நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தி 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். படிப்பில் சிறந்த குழந்தைகளின் ஜாதகங்களையும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு நாற்பதாக 27 ஜோதிடர்களிடம் கொடுத்தார்கள். எது எவருடையது என்று பிரித்துச் சொல்லவேண்டும். நூற்றுக்கு 46 விடைகளே சரியாக இருந்தன. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்குமல்லவா?

கிரகம் எப்போது எந்த ராசிக்குள் நுழைகிறது என்பதிலேயே நம் பஞ்சாங்கங்கள் ஒத்துப்போவதில்லை. சனி பகவான் கும்ப ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் தேதி; வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி. இடையிலுள்ள பதினொரு மாதங்களில் ஒருவனுக்கு ஏழரைச் சனி விட்டதா, விடவில்லையா? அவன் வீட்டில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்!

"ஆயினும் என் குணத்தை ஜோதிடர் அப்படியே சொன்னாரே!" என்று நேயர்கள் கேட்கலாம். "பிறருக்கு எவ்வளவோ உபகாரம் செய்கிறீர்கள், அதற்கேற்ற நன்றி உங்களுக்குக் கிட்டுவதில்லை" என்று எவரிடம் சொன்னாலும் அவர் மறுக்கப் போவதில்லை. கண்ணாடியில் தெரிவது ஜோதிடரின் சாமர்த்தியம் அன்று, நம்முடைய ஆசை.

இது வெறும் பொழுதுபோக்காக நின்றால் குற்றமில்லை. லக்னத்திலிருந்து இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். பன்னிரண்டு வீடுகளில் ஐந்து இவ்விதம் தோஷ வீடுகளானால், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பெண்கள் பிறக்கும்போதே இப்பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். விலக்குகள் பல உண்டு என்று சாஸ்திரிகள் சொல்வார்கள். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் விலக்கை விசாரிக்கக் காத்திருப்பதில்லை. கற்றவளாய், குணவதியாய் எதிரே நிற்கும் பெண்ணைப் பாராமல், கட்டத்துக்குள் இருக்கும் செவ்வாயைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள், அவளையும் அறியவில்லை, தம்மையும் அறியவில்லை.

இனி மற்ற யோகத்துக்கு வருவோம். பதஞ்சலி முனிவர் யோகத்தை எட்டு அங்கங்களாக வகுத்தார். அவற்றுள் ஆசனம் மூன்றாவது. சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு இருக்க, ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியவை மூன்றே. ஜூன் 21ஆம் தேதி சர்வதேச யோகா தினத்தன்று மைதானங்களில் காணும் காட்சி, யோகமாகிய மாளிகையின் ஒரு படிக்கட்டு மட்டுமே. அஹிம்சை, சத்தியம், திருடாமை முதலியவை அதற்கு முந்திய படிகள். பொய் சொல்லிக்கொண்டே சிரசாசனம் செய்பவன் தலைகீழாக நிற்கும் பொய்யனே ஆவான்.

பதஞ்சலி நட்சத்திரங்களையும் அறியாதவர் அல்லர். சந்திரனிலும் துருவ நட்சத்திரத்திலும் மனத்தை நிறுத்தினால் விண்மீன்களின் அமைப்பும் கதியும் தெரியும் என்கிறார். கர்மத்தில் நிறுத்தினால் மரண காலமும் தெரியும் என்கிறார். ஆனால் இத்தகைய சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று அதே பாதத்தில் எச்சரித்துவிடுகிறார். எதற்காக ஜோதிடரைத் தேடி ஓடுகிறோமோ அதுவே கையில் வந்தாலும், அங்கே நின்றுவிடாதே என்பது யோகியின் உபதேசம்.

1896ஆம் ஆண்டு மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதுப் பிள்ளை வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் உண்டாயிற்று. ஆயுள் எவ்வளவு என்று பார்க்க அவர் ஜாதகத்தைத் தேடவில்லை. பிணம்போல் படுத்து, சாவது எது, சாகாமல் நிற்பது எது என்று தமக்குள்ளேயே விசாரித்தார். அந்தப் பிள்ளையே திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக விளங்கினார். விதி பெரிதா, மதி பெரிதா என்னும் வழக்கு அவ்விரண்டின் மூலத்தை அறியாதவர்களுக்கே உரியது என்பது அவர் பின்னாளில் உள்ளது நாற்பதில் வெளியிட்ட கருத்து.

நாம் எல்லாரும் ரமணராகிவிட முடியாது. பண்டிகைக்கும் விரதத்துக்கும் பஞ்சாங்கமும் வேண்டியதே. ஆனால் கலியாணம், படிப்பு, தொழில் என்று எதற்காகவேனும் ஜாதகக் கட்டை அவிழ்ப்பதற்கு முன், கால் மணி நேரம் தனியே அமர்ந்து, 'எனக்கு எதில் ஆசை? எதில் பயம்? யாருக்கு நான் அநியாயம் செய்யப் போகிறேன்?' என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம். விடை உடனே வராமற் போகலாம். ஆயினும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ராகு காலமும் கிடையாது, தட்சிணையும் கிடையாது.