கட்டியவர் கோடி, விற்றவர் மூவர்

ஓர் ஊரின் வெளியில் ஊரார் கூடிக் குளம் வெட்டுகின்றனர், கரை எழுப்புகின்றனர், கரைமேல் மரம் நட்டு நீரூற்றி வளர்க்கின்றனர். சில்லாண்டு கழிந்தபின், அவ்வெளி எவர் பெயரில் பதியப்பட்டுள்ளதோ அவர் வந்து, வெளியையும் குளத்தையும் மரத்தையும் ஒருங்கே விற்றாயிற்று என்று அறிவிக்கின்றார். ஊரார் கொதிக்கின்றனர்; சிலர் கண்ணீர் வடிக்கின்றனர்; சிலர் ஏசுகின்றனர். ஆயின், விலையாவணத்தில் அக்கொதிப்புக்கும் கண்ணீருக்கும் ஓர் எழுத்தளவும் இடமில்லை. 2014 ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்களில், மைன்கிராப்ட்டு என்னும் கணினி விளையாட்டை ஆடிவந்த உலக மக்கள் பலகோடியர்க்கு நேர்ந்தது இதுவே.

அவ்விளையாட்டை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்லலாம். சுவீடன் நாட்டு நிரலாளராகிய மார்க்கசு பெர்சன் என்பார் 2009 இல் தனியொருவராக அதனை எழுதத் தொடங்கினார். பெட்டி வடிவக் கட்டிகளால் ஆன ஓர் உலகம், அக்கட்டிகளை வெட்டியெடுக்கலாம், அடுக்கலாம், வீடும் கோட்டையும் நகரும் எழுப்பலாம். இதைத்தான் செய்தல் வேண்டும் என்னும் கட்டளை அங்கில்லை. ஆடுவோர் விரும்பியதே ஆட்டம். பெர்சனும் யாக்கோபு போர்சேரும் கார்ல் மன்னேயும் சுடாக்கோம் நகரில் நிறுவிய மோயாங்கு என்னும் சிறு பணிக்கூடம் அதனை வெளியிட்டு வந்தது.

அதன் வளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது. விளையாட்டு முற்றுப்பெறாத நிலையிலேயே மக்கள் அதனை விலைகொடுத்து வாங்கினர். பெருநிறுவனத்தின் பின்துணையோ பணங்கொடுத்துச் செய்யும் விளம்பரமோ இன்றி, வாய்வழிச் செய்தியாலேயே 2011 சனவரியில் விற்பனை 10 இலக்கம் படிகளை எட்டியது. முழுப்பதிப்பு வெளிவந்ததோ அவ்வாண்டு நவம்பரில்தான். இடைக்காலத்தில் பிழைகளைக் கண்டு சொன்னவர் ஆடுவோர். ஆடும் முறையை விளக்கிக் கையேடு எழுதியவர் ஆடுவோர். புதிய கருவிகளையும் உயிர்களையும் சேர்க்கும் துணைநிரல்களை ஊதியமின்றி எழுதியவர் ஆடுவோர். பலர் கூடி ஆடுவதற்கான வழங்கிக் கணினிகளைத் தம் செலவில் இரவுபகலாக நடத்தியவரும் அவரே. 2014 நடுவில் விற்பனை 5 கோடிப் படிகளைக் கடந்திருந்தது. அவ்வுயரத்தின் அடித்தளத்தில் மூவர் உழைப்பும் ஒரு கூடத்தார் உழைப்பும் மட்டுமல்ல, பல்லாயிரவர் உழைப்பும் கலந்து கிடந்தது.

அவ்வாண்டு செபுதம்பர் 9 ஆம் நாள், மோயாங்கு விலைபோகின்றது என்னும் செய்தி இதழ்களில் கசிந்தது. 15 ஆம் நாள் உறுதியாயிற்று. அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்ட்டு நிறுவனம் 250 கோடித் தாலருக்கு அக்கூடத்தை வாங்கியது. நிறுவியவர் மூவரும் விலகினர். ஆடுவோர் மூவகையாகப் பிரிந்தனர். காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பெர்சனைத் தூற்றினர் ஒருசாரார். படைத்தவர்க்கு விற்கும் உரிமை உண்டன்றோ என வழக்காடினர் மற்றொரு சாரார். இனி என் உலகம் என்னாகும், என் வழங்கி என்னாகும், கட்டணம் கூடுமோ, பிற நிறுவனக் கருவிகளில் ஆட்டம் நிறுத்தப்படுமோ என்று அஞ்சியோரே மிகப்பலர். மூவகையார்க்கும் ஒன்று பொது. அவருள் ஒருவரையும் விற்பனைக்கு முன் எவரும் ஒருசொல் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்னும் கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

பெர்சன் அன்று எழுதிய பிரிவுமடல் ஈண்டுக் கருதத்தக்கது. பணத்தின்பொருட்டன்று, தம் மனநலத்தின்பொருட்டே விலகுவதாக அவர் கூறினார். எழுத்துமுறையில் அவ்விளையாட்டு இனி மைக்ரோசாப்ட்டுக்கு உரியது. அதனினும் பெரிய பொருளில் அது நெடுநாளாகவே ஆடுவோர்க்கு உரியதாக இருந்து வந்துள்ளது. அந்நிலை என்றும் மாறாது என்றும் எழுதினார். அவர் உள்ளத்தில் கள்ளம் இருந்தது என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் அவ்விருவகை உரிமைகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். எழுத்துமுறை உரிமைக்கு 250 கோடித் தாலர் கிடைத்தது. பெரிய பொருளிலான உரிமைக்குக் கிடைத்தது ஒரு நல்ல சொல். ஆவணத்தில் ஏறாத உரிமை, பாராட்டாக இருக்கலாம், உரிமையாகாது.

இவ்வுண்மையை உணர்த்தும் சான்று இன்னொன்றும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் பெர்சன் தம் வலைத்தளத்தில் ஓர் உறுதிமொழி எழுதியிருந்தார். விற்பனை ஓய்ந்து, குறைந்த அளவாக ஒரு காலமும் கடந்தபின், விளையாட்டின் அடிப்படை நிரலை அனைவர்க்கும் திறந்துவிடுவதாக அதில் கூறியிருந்தார். நன்மொழிதான். ஆனால் விற்பனை ஓயவில்லை. எனவே அவ்வுறுதிமொழிக்கு நாளும் வரவில்லை. ஆடுவோர் எத்துணைக்கெத்துணை அன்பு காட்டினரோ, எத்துணைப் பேரை அழைத்துவந்தனரோ, அத்துணைக்கு அந்நாள் தள்ளிப்போயிற்று. அன்பே அவர்க்குப் பூட்டாக அமைந்த புதுமை இது.

விற்பனைக்குச் சில நாள் முன்பு நிகழ்ந்த பிறிதொரு நிகழ்ச்சி, இதன் மறுபக்கத்தைக் காட்டும். வழங்கிகளை நடத்துவோர்க்கு உதவும் புக்கிட்டு என்னும் நிரலைத் தன்னார்வலர் பலர் 2010 இறுதி முதல் எழுதி வந்தனர். அதன் முதன்மை நிரலாளரை மோயாங்கு 2012 இல் பணிக்கு அமர்த்திக்கொண்டது. 2014 ஆகத்தில், அத்திட்டம் முடிந்தது என்று அதன் தலைவர் அறிவித்தபோதுதான், புக்கிட்டு தமக்கே உடைமை என்பதை மோயாங்கு வெளிப்படையாகக் கூறியது. கட்டணமின்றி உழைத்து வந்த பலர்க்கு அது புதுச்செய்தி. அவருள் ஒருவர், தாம் எழுதிய வரிகளின் பதிப்புரிமை தம்மிடமே உள்ளது என்று காட்டி, செபுதம்பர்த் தொடக்கத்தில் அந்நிரலின் வழங்கலையே சட்டவழியில் நிறுத்திவிட்டார். வழங்கி நடத்திய எளியோர் பலர் அதனால் இடர்ப்பட்டனர் என்பது மெய்யே. அவர் செய்தது முறையா, அன்றா என்பது வேறு வழக்கு. எண்ணவேண்டுவது இதுவே: தன் உரிமையை எழுத்தில் கைக்கொண்ட ஒருவர் ஒரு திட்டத்தையே நிறுத்தினார், உரிமையைக் கைக்கொள்ளாத கோடிப்பேர் ஒரு விற்பனையை ஒருநாளும் தாழ்த்த இயலவில்லை. எண்ணிக்கை வலிமையன்று, உரிமையே வலிமை.

நடுநிலை பிறழாது சொல்வதாயின், அஞ்சியவை அனைத்தும் நிகழ்ந்துவிடவில்லை. போட்டி நிறுவனமாகிய சோனியின் கருவிகளில் ஆட்டம் தொடர்ந்தது. நிண்டெண்டோவின் கருவிகளுக்கு 2015 இல் புதிதாகவே சென்றது. முன்பு வாங்கியோர்க்குப் புதுப்பதிப்புகள் கட்டணமின்றியே வந்தன. விற்பனை 2023 இல் 30 கோடிப் படிகளைக் கடந்தது. வாங்கியவர் பொன்முட்டையிடும் வாத்தை அறுக்கும் அறிவிலியல்லர். ஆயினும், நல்ல ஆண்டையும் ஆண்டையே. அவன் நல்லவனாக இருக்கும் நாள்வரை அடிமைக்குத் தன் நிலை தெரிவதில்லை. அவன் ஆணையிடும் நாளில்தான் தெரிகின்றது.

அந்நாளும் வந்தது. பழைய மோயாங்குக் கணக்கை விடுத்து மைக்ரோசாப்ட்டுக் கணக்குக்கு மாறுதல் வேண்டும் என்று 2020 இல் அறிவிப்பு வெளியாயிற்று. சாவாப் பதிப்பில் மாறாதோர் 2022 முதல் ஆட இயலாது போயினர். மாறுவதற்கான கெடுவும் 2023 இல் முடிந்தது. பத்தாண்டுக்கு முன் விலைகொடுத்து வாங்கியோருள் கெடு தவறியோர், மீண்டும் விலைகொடுத்தால்தான் உள்ளே நுழையலாம். அன்று அவர் வாங்கியது பொருளன்று, நுழைவுச்சீட்டே என்பது அப்போதுதான் விளங்கிற்று. 2022 சூலையில், ஆடுவோரின் உரையாடலை நிறுவனத்திடம் முறையிடும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. நிறுவனம் ஒருவரைத் தடைசெய்தால், தனியார் தம் பணத்தில் நடத்தும் வழங்கியிலும் அவர் கூடி ஆட முடியாது. இழிசொல்லும் மிரட்டலும் தடுக்கப்பட வேண்டுவனவே. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் ஒருவர் தம் வீட்டுத் திண்ணைக்கு யாரை அழைக்கலாம் என்பதை முடிவுசெய்யும் ஆட்சி, கடல்கடந்த ஒரு நிறுவனத்துக்கு எவ்வாறு வந்தது? ஆடுவோர் பெருங்கூச்சலிட்டனர், அம்முறை கைவிடப்படவில்லை. 2014 இல் விலையாவணத்தில் இடம்பெறாத குரல், 2022 இலும் இடம்பெறவில்லை என்பதில் வியப்பென்ன?

படைத்தவன் சோர்ந்துபோனால் அவனை அவன் படைப்போடு கட்டிப்போடலாமா என்று கேட்போர் உளர். கூடாது. 2014 சூனில், வழங்கிகள் பணம் ஈட்டும் முறைக்கு வரம்பு கட்டியதன் பேரில் எழுந்த வசைகளைத் தாங்காது, தம் பங்கை வாங்குவார் உளரோ என்று பெர்சன் வெளிப்படையாகவே கேட்டார். ஒரு மாந்தனைத் தாங்க முடியாத அளவு ஏசிய கூட்டத்துக்கும் இவ்விற்பனையில் பங்குண்டு. ஆயின், விலகுவதற்கு விற்பது ஒன்றே வழியன்று. 2011 இறுதியிலேயே ஆக்கப்பணியின் முதன்மைப் பொறுப்பை அவர் இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தார், ஆட்டம் நின்றுவிடவில்லை. அவ்வண்ணமே உரிமையையும் ஒரு பொது அறக்கட்டளைக்கு ஒப்படைத்திருக்கலாம். நிரலைத் திறந்து விட்டிருக்கலாம். அவ்வழிகளை அவர் எண்ணாமைக்கு அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. எண்ணுமாறு செய்யும் எழுத்துரிமை எவர் கையிலும் இல்லை என்பதே குறை.

வேறுவழி வெறுங்கனவன்று. பின்லாந்து நாட்டு நிரலாளர் ஒருவர் 2010 இல் தொடங்கிய மைன்டெசுட்டு என்னும் கட்டிவிளையாட்டு மென்பொருள், 2024 இல் லுவாண்டி எனப் பெயர்மாறி, தன்னார்வலர் உழைப்பால் இன்றும் வளர்கின்றது. அது கட்டற்ற மென்பொருள். அதன் நிரல் அனைவர்க்கும் திறந்துள்ளது; எழுதியவர்தம் உரிமை எழுதியவரிடமே உள்ளது. நாளை எந்தச் செல்வர் வந்து எவ்வளவு கொட்டினாலும், ஏற்கெனவே பொதுவாகிவிட்டதை மீண்டும் பூட்டிவைக்க இயலாது. ஆடுவோர் தொகையில் அது மைன்கிராப்ட்டுக்கு ஈடாகாது. ஆனால் அங்கு ஒரு கல்லை எடுத்து வைப்பவன், பிறன் நிலத்தில் வைக்கவில்லை.

இச்செய்தி தமிழர்க்கும் தொலைவானதன்று. மைன்கிராப்ட்டின் சாவாப் பதிப்பில் தமிழும் ஒரு மொழியாக உள்ளது. அத்தமிழாக்கம் தன்னார்வலர் உழைப்பால் வருவது, ஊதியத்துக்கு வருவதன்று. கல்லுக்கும் கருவிக்கும் உயிர்க்கும் தமிழ்ப்பெயர் தேடி எழுதும் அவ்வுழைப்பு போற்றத்தக்கது. தமிழ்ச் சிறுவர் தம் மொழியில் ஆடுதல் சிறுசெயலன்று. எனினும் அவ்வுழைப்பாளர் தமக்குள் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ளல் நன்று: ஆக்கிய சொற்பட்டியல் நாளை எவர் கையில் நிற்கும்? அதன் படியொன்றைத் தம்மிடம் வைத்து, பிற மென்பொருள்களுக்கும் பயன்படுமாறு பொதுவில் வெளியிடும் இசைவைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுதல் வேண்டும். பெற இயலாத இடத்தில், உழைப்பின் முதற்பங்கைத் திறந்த திட்டங்களுக்கே அளித்தல் வேண்டும். தமிழுக்கு ஆக்கிய சொல், தமிழர்க்குப் பொதுவாக நிற்கவேண்டும்.

விற்றபின் கொதிப்பது கண்கெட்ட பின் ஞாயிறு வணக்கம். கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்கவேண்டிய காலம், முதற்கல்லை எடுத்து வைக்கும் காலம். நிலம் யாருடையது? கட்டியதைக் கட்டியவன் எடுத்துச் செல்லலாமா? நிறுவனம் கைமாறினால் ஆடுவோர்க்கு எஞ்சுவது என்ன? ஆட்டம் நிறுத்தப்பட்டால் வழங்கியைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமை உண்டா? இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்கும் இடத்தில் உழைக்கலாம். விடை கிடைக்காத இடத்தில் ஆடலாம். ஆனால் அங்கு ஊரை எழுப்பிவிட்டு, அது தம் ஊர் என்று நம்பியிருத்தல் ஆகாது. அன்பு நிலத்தைக் காக்காது, ஆவணம் காக்கும். கட்டுவோர் இதனை உணரும் நாளில்தான், விற்போர் அவரைக் கேட்டு விற்பர்.