'புவர்' என்னும் சொல்

கல்வி உதவிப் பணம் வேண்டி விண்ணப்பம் எழுதிய மாணவன் ஒருவன், அதனைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தான். முதல் வரியிலேயே 'ஐ ஆம் எ புவர்' என்றிருந்தது. கூற வந்தது உண்மை. கூறிய முறையே பிழை.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? தமிழில் 'ஏழை' பெயர்ச்சொல். 'நான் ஓர் ஏழை' எனலாம்; 'ஏழைகள்' எனப் பன்மையும் ஆக்கலாம். ஆங்கிலத்திலோ 'புவர்' பெயரடை. ஆதலால் 'ஐ ஆம் புவர்' என்றாவது, 'ஐ கம் ஃப்ரொம் எ புவர் ஃபமிலி' என்றாவது எழுதுதல் வேண்டும்.

எனினும், முன்னே 'த' சேருமிடத்து அச்சொல் பெயராய் நின்று ஏழை மக்களைப் பொதுவாகக் குறிக்கும். 1601 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வறியோர் நிவாரணச் சட்டத்தின் பெயரில் 'த புவர்' என வருவது இவ்வாறே. அப்பொழுது மூன்று விதிகளை நினைவிற் கொள்க: ஈற்றில் 'எஸ்' சேராது; வினை பன்மையாகும், அதாவது 'த புவர் ஆர்' என்க; தனி ஒருவரைக் குறிக்காது. 'றிச்', 'சிக்', 'பிளைன்ட்' ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும். 'த அக்கியூஸ்ட்' போன்ற சில விலக்குகளும் உள. நீதிமன்றில் அது எதிரி ஒருவரையும் குறிக்கும்.

வறுமையைக் கூற நாண வேண்டியதில்லை. ஆயினும், உதவி நாடும் கடிதத்தின் முதல் வரியிலே பிழை இருப்பின், படிப்பவர் கவனம் மாணவனின் தேவையை விட்டுப் பிழையிற் சென்றுவிடும்.

பயிற்சி: 'வீ மஸ்ட் ஹெல்ப் த புவர்ஸ்' என்பதைத் திருத்துக.