முதலில் யாரைப் பார்ப்பது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று என் அம்மாவிடம் கேட்டார் செவிலியர். "அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியாம்மா?" என்றார் அம்மா. மறுபடி கேட்டதற்கு, "ரெண்டுன்னு போட்டுக்கோ."

அவர் இரண்டு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. போர்வையை இறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். ஒருக்களிக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். இரவு தூங்கினாரா என்று என்னிடம் விசாரித்தார். பிறகு மருத்துவரை அழைத்து, வலிமருந்து போதவில்லை என்றார். என்னிடம் சொன்னார்: "எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தச் சாப்பிடுறவங்க, வலியையும் கொறச்சுத்தான் சொல்லுவாங்க மேடம்."

இதற்குப் பெயர் அறிவு. நாமோ இதைச் சேவை என்கிறோம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது 950ஆம் குறள். அதை நடத்தும்போதெல்லாம் 'உழைச்செல்வான்' என்ற சொல்லின் ஆண்பால் விகுதியில் நின்றுவிடுவேன். ஆணாக எண்ணப்பட்டபோது மருத்துவத்தில் கால் பங்கு. பெண் கைக்கு வந்ததும் அன்பு, தியாகம், வெள்ளுடை தேவதை. தேவதைக்குச் சம்பளம் எதற்கு? 2015இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அந்த 7,700 ரூபாய்க்கு அவர்கள் செய்த வேலை என்ன? நாற்பது கட்டில், இரவு டியூட்டியில் ஒரே செவிலியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யாரைப் பார்ப்பது? மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையைப் பாடமாகப் படித்திருப்பார். ஆனால் ஆபத்து ஒவ்வோர் உடம்பிலும் ஒவ்வொரு முகத்தோடு வருகிறது. வீறிட்டழும் குழந்தையைவிட, அழவும் திராணியின்றித் துவண்டு கிடக்கும் குழந்தைதான் அவசரம். திடீரென்று ஆள் தெரியாமல் உளறும் பாட்டிக்கு 'வயசாயிருச்சு' என்பது பதிலல்ல, நோய்த்தொற்றாக இருக்கலாம். குமட்டல், தாடை வலி, காரணமில்லாத அசதி என்று வரும் பெண்ணுக்கு அது மாரடைப்பாக இருக்கலாம். கேஸ் ட்ரபிள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிரசவமான பெண்ணை முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும்: கருப்பை இறுகியிருக்கிறதா, உதிரம் எவ்வளவு போகிறது, நாடி ஏறுகிறதா? ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கால் மணிக்கொரு முறை. நாற்பது கட்டிலுக்கு ஒருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆள் இல்லாத வார்டில் முன்னுரிமையை முடிவு செய்வது நோயல்ல, சத்தம். கத்துகிற ஆண், சிபாரிசோடு வந்தவர், கவுன்சிலரின் மச்சான் முதலில். 'ரெண்டுன்னு போட்டுக்கோ' என்கிற அம்மாக்கள் கடைசியில்.

செவிலியர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். பிரசவ அறையில் 'அப்ப இனிச்சுதுல்ல' என்ற ஏச்சைக் கேட்காத ஏழைப் பெண்கள் எத்தனை பேர்? அதற்கு வேலைச்சுமையைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். திட்டுவது பண்புக்குறை மட்டுமல்ல, மருத்துவப் பிழை. திட்டு வாங்கியவள் அப்புறம் வாய் திறக்க மாட்டாள். தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்று அவள் சொல்லியிருந்தால் வரப்போகிற வலிப்பைத் தடுத்திருக்கலாம். வலியைப் பொறுப்பதுதான் பெண்மை என்று வீடு கற்றுக்கொடுத்ததை வார்டும் கற்றுக்கொடுத்தால், நோயாளியின் வாயிலிருந்து வரும் எந்தத் தகவலையும் நம்ப முடியாது.

ஆகவே செவிலியர் தினத்தன்று ரோஜாப்பூ வேண்டாம். அளவுகோலில் உள்ளபடி ஆள் போடுங்கள். முழுச் சம்பளம் கொடுங்கள். கேஸ் ஷீட்டில் செவிலியர் எழுதியதை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் வாசிக்கட்டும். 'இவரை முதலில் பாருங்கள்' என்று அவர் சொன்னால் அதற்குப் பதில் சொல்லும் கடமை மருத்துவருக்கு இருக்கட்டும். பிரசவ அறையில் ஏசுவதை மருத்துவப் பிழையாகவே பதிவு செய்யுங்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மருந்து மாறி, நன்றாகத் தூங்கி எழுந்த அம்மாவிடம், "நேத்து நெசமாவே எத்தனைம்மா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எட்டு இருக்கும்" என்றார்.

தோழி, உன்னிடம் கேட்கும்போது எட்டு என்றால் எட்டென்றே சொல்.