எடுத்துத் தர மெஷின் உண்டு, எழுதி வைப்பது யார்?

சினிமா, பாட்டு, கல்யாண வீடியோ என்று வீடு நிறைய டிஸ்க் சேர்த்து வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். பட்டனை அமுக்கினால் வேண்டிய டிஸ்க்கைத் தானே எடுத்துப் போடும் மெஷின் வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

அப்படி மெஷின் உண்டு. சோனி கம்பெனி 2009-ல் விற்பனைக்கு விட்ட ஒரு பிளேயரில் 400 டிஸ்க் வைக்கலாம். உள்ளே ராட்டினம் மாதிரி ஒரு பெரிய வட்டத்தட்டு. அதில் டிஸ்க்குகள் புத்தகம் அடுக்கியது போல நிற்கும். நாம் நம்பரைத் தட்டினால் தட்டு சுற்றி வந்து அந்த டிஸ்க்கை எடுத்துப் போடும். அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் இந்த மாதிரி ஒன்றைப் பழசாக வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணி, நம்ம வீட்டு 350 டிஸ்க்கும் இதுல அடங்கிடும், கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அங்கே கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. தனியாக டிரான்ஸ்பார்மர் வேண்டும். டிவிடிக்கு நாட்டுக்கு நாடு ரீஜன் நம்பர் வேறு. அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. நம் நம்பர் மட்டும் போட்ட படம் அதில் ஓடாது. ரிப்பேர் ஆனால் எந்தக் கடையில் பார்ப்பார்கள்?

இதைக்கூட விடுங்கள். கடையில் வாங்கிய படமென்றால் இன்டர்நெட்டில் தேடிப் பெயர் காட்டுமாம். நாத்தனார் வளைகாப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அந்த 'யாராவது' யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அந்த வேலையை மெஷின் இல்லாமலே செய்யலாமே. ஒரு நோட்டில் நம்பரும் பெயரும் எழுதினேன். அதே நம்பரை டிஸ்க்கின் நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கும் வளையத்தில் மார்க்கரால் போட்டேன். பால்பாயிண்ட் பேனா ஆகாது. சி.டி.யில் பதிவு இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு ஒட்டினாற்போல. அந்தப் பக்கம் கீறினால் போச்சு.

முக்கியமான விஷயம் இன்னொன்று. சினிமா டிஸ்க் அச்சில் அழுத்திச் செய்தது, நாளாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் கொடுக்கும் விசேஷ டிஸ்க் சாயத்தில் பதிவானது. சூட்டிலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் மங்கும். 2011-ல் நடந்த என் கல்யாண டிஸ்க்கில்தான் அப்பாவின் குரல் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதை மெஷினுக்குள் பூட்டி வைத்து என்ன பிரயோஜனம்?

ஒரு டிவிடி 4.7 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 200 டிவிடி அடங்கும். புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடம் இருக்காது, வெளியே மாட்டும் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். விசேஷ டிஸ்க்குகளை மட்டும் முதலில் காப்பி எடுங்கள், அதுவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். எங்கள் வீட்டில் நோட்டு என் பொறுப்பு, காப்பி எடுப்பது என் கணவர் பொறுப்பு. 63 முடிந்திருக்கிறது. இரண்டு டிஸ்க் திறக்கவே இல்லை.

- ஒரு வாசகி, கும்பகோணம்