பிறப்பில் எழுதிய தொழில்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்றுண்டு. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ அதன் முன்னோடி. வெறும் விளையாட்டுத்தானே என அதைத் தள்ளிவிட நாம் ஒப்போம்.

அதன் ஊர்களுக்குள் நுழைந்து பாருங்கள். கொல்லுலையில் நிற்பவன் பெரும்பாலும் குள்ளர் இனத்தான். ‘ஓர்க்’ இனத்தானுக்கோ ஊரில் இடமில்லை. குகையில் வெட்டுண்டு மாய்வதே அவனுக்கு விதி. 1977இல் வந்த அரக்கர் கையேடு அவ்வினம் முழுவதற்கும் ‘தீயோர்’ என முத்திரையிட்டது. கைகாக்ஸ் 1979இல் எழுதிய எல்லைக்கோட்டைக் கதையிலோ, அக்குகைகளில் போரிடாத பிள்ளைகளும் உள்ளனர். பிள்ளைகள் உண்டெனில் தாயும் தாலாட்டும் உலைநீரும் இல்லாமற்போகுமா? பிறப்பே தொழிலையும் குணத்தையும் விதிக்கும் என்னும் கொள்கையின் கொடுமையை நாம் அறியாதவரா?

பகைவனின்றி வீரக்கதை ஏது என்பர் சிலர். பகைவன் இருக்கட்டும், அவனைப் பகைவனாக்குவது அவன் செயலாகட்டும், குருதியன்று. 2004இல் வெளிவந்த ‘எபரான்’ உலகின் ஷார்ன் நகரில் ‘காப்ளின்’ இனத்தார் குடிமக்களாய் உழைத்து வாழ்கின்றனர். அதனால் கதையின் சுவை குன்றவில்லை. ஓர்க்குகளை இனிப் பன்முகம் கொண்ட மக்களாகவே காட்டுவோம் எனப் பதிப்பகத்தாரும் 2020இல் அறிவித்தனர்.

அறிவிப்பு மட்டும் போதாது. ஓர்க் ஒருத்தி சந்தையில் வெங்காயம் விற்கட்டும். குள்ளன் ஒருவன் உலையை விட்டுப் பள்ளியில் கணக்குக் கற்பிக்கட்டும். கற்பனையிலும் பிறர்க்கு விடுதலை தர மறுப்பவர், நனவில் எப்படித் தருவர்?